தூங்க வைக்க மாட்டேன்

முட்டாள்தனத்தில் என்னை மிஞ்ச அந்த நாளில் அம்பத்தூரில் ஆள் கிடையாது. கையை மட்டும் மரத்துப்போக வைத்து ஆபரேஷன் செய்யலாம் என்பதை எங்கள் சர்ஜன் நம்பவில்லை. நம்ப வைக்கிறேன் பேர்வழி என்று, என் மாணவன் ஒருவனை விட்டு என் இடது அக்குளிலேயே ஊசி போடச் சொன்னேன். கை மரத்தது. தலைகால் புரியவில்லை எனக்கு. மரத்த கையை மேஜைமேல் நீட்டி வைத்துவிட்டு, வலது கையில் டீயோடு விளக்கவுரை ஆற்றினேன். டீ இடது கைமேல் கொட்டுகிறது என்பதை சர்ஜன்தான் எனக்குச் சொன்னார். கொப்புளத்துக்கு மருந்து போட்டவரும் அவரே.

"என் தியேட்டர்ல இந்த வித்தை வேணாம்யா" என்றார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் மயக்க டாக்டர். காலையில் மெடிக்கல் காலேஜில் பாடம் நடத்தி மாணவர்களைத் தூங்க வைப்பேன்; மதியத்துக்குமேல் அவருடைய நர்சிங் ஹோமில் நோயாளிகளை.

கொப்புளம் ஆறுவதற்குள் ஒரு ஃபிட்டர் வந்தார். கள்ளிக்குப்பத்துக்காரர். பட்டறை பிரஸ்ஸில் மாட்டி வலது கையில் மூன்று விரல் நசுங்கியிருந்தன. பல வருஷத்து இழுப்பு, நெஞ்சு விசிலடித்தது. போதாததற்கு அப்போதுதான் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தார்.

"தூங்க வைய்யா" என்றார் சர்ஜன்.

"மாட்டேன் சார். நெஞ்சுல இழுப்பு, வயித்துல சோறு. தூங்க வெச்சா எழுந்திருப்பாரான்னே சந்தேகம். கையை மட்டும் மரக்க வைக்கிறேன்."

"வேணாம்னு சொல்லியிருக்கேன்."

"அப்ப வேற டாக்டரக் கூப்பிடுங்க."

அந்த நேரத்துக்கு அந்த வட்டாரத்தில் வேறு மயக்க டாக்டர் கிடைக்க மாட்டார். தெரிந்துதான் சொன்னேன்.

"நடுவுல கத்துனார்னா?"

"நாளைலேர்ந்து நான் இங்க வரல."

அக்குளில் ஊசி போட்டேன். சர்ஜன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபது நிமிஷம் கழித்துக் கிள்ளினேன். கட்டைவிரல் பக்கம் மட்டும் "சுருக்குனு கீது டாக்டரே" என்றார் ஃபிட்டர். சர்ஜன் என்னைப் பார்த்த பார்வையில் நான்தான் மயங்கியிருக்க வேண்டும். மயங்கவில்லை. முழங்கையருகே இன்னொரு ஊசி போட்டேன்.

"இன்னும் பத்து நிமிஷம் சார்."

"அதுவரைக்கும்?"

"நிப்போம்."

நின்றோம். மறுபடி அழுத்திக் கிள்ளிவிட்டு, "இப்ப?" என்றேன்.

"இன்னா இப்ப? ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார் ஃபிட்டர்.

அவர் பார்க்காதபடி கைக்கும் முகத்துக்கும் நடுவில் துணி கட்டியிருந்தது. எலும்பில் கம்பி ஏற்ற சர்ஜன் ட்ரில்லை ஓட்டினார். துணிக்கு இந்தப் பக்கமிருந்து நிதானமாக ஒரு குரல்:

"சார், சத்தம் மாறுது. ட்ரில்லு சாஞ்சிகினு போவுது."

சர்ஜன் நிறுத்தினார். குனிந்து பார்த்தார். கம்பியை உருவி, நேராகப் பிடித்து மறுபடி ஓட்டினார்.

"இப்ப கரீட்டு" என்றார் ஃபிட்டர்.

மூன்று விரலும் தங்கின. இழுப்பு கூடவில்லை. ஆளைத் தூங்க வைப்பது மட்டும்தான் உன் வேலை என்று பிற்பாடு எத்தனையோ பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். ஒருவர் பேச்சையும் நான் கேட்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து கை கழுவும் இடத்தில் சர்ஜன் பக்கத்தில் போய் நின்றேன்.

"சார், நாளைக்கு வர்ற மணிக்கட்டு கேஸையும் இப்படியே பண்ணிடலாமா?"

திரும்பாமலே சோப்பை எடுத்தார்.

"பண்ணு, பேஷண்ட் வாயையும் சேத்து மரக்க வை."