இடப்பக்கம் ஒரு பிடி கம்பளி

குதிரைக்காரர்கள் அவளைக் கம்பளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சேணத்துக்கு அடியில், குதிரையின் முதுகை ஒட்டி இரண்டு மெத்தைகள் இருக்கும். அவற்றைப் பிரித்து, கம்பளி ரோமத்தைக் கூட்டியோ குறைத்தோ அடைத்துத் தைப்பது அவள் தொழில். தலைக்குக் குளித்துவிட்டு வந்தாலும் முடியில் நாலு இழை ஒட்டிக்கொண்டிருக்கும்.

உடம்புச் சூட்டைப் படம் பிடிக்கும் கேமராவும், சேணத்தின் கீழே விரித்தால் அழுத்தத்தை அளந்து காட்டும் விரிப்பும் வந்தபோது மற்ற சேணக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். முதல் ஆளாக வாங்கியவள் இவள்தான். கைக்குத் தெரிந்ததை வாயால் சொன்னால் எந்த முதலாளி நம்புகிறார்? படத்தில் சிவப்பாகக் காட்டினால் கப்சிப். அதில் அவளுக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

படம் எடுக்குமுன் அவள் செய்யும் கெடுபிடி தாங்காது. வெயில் விழக் கூடாது, மின்விசிறி ஓடக் கூடாது, முதுகில் ஈரம் கூடாது. யாரும் செல்லமாகத் தட்டிக்கொடுக்கவும் கூடாது. கை வைத்த சூடுகூடப் படத்தில் விழுந்துவிடும். “கல்யாணத்துல போட்டோ எடுக்கிறவர்கூட இவ்வளவு படுத்த மாட்டார்” என்பார் லாயத்து முதலாளி.

அந்த லாயத்தில் அவள் படம் எடுக்காத குதிரை ஒன்றே ஒன்று. அவளுடைய தங்கை ஏறுகிற பெண்குதிரை. ஊருக்கு உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்!

தங்கை அங்கே குதிரையேற்றம் சொல்லிக்கொடுப்பவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆறே மாதத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று திரும்பி வந்துவிட்டாள். இறங்கும்போது யார் கை நீட்டினாலும் தொட மாட்டாள். ஆனால் சேணத்தைப் பிரித்தவளுக்குத் தெரியாதா? இடப்பக்க மெத்தை மட்டும் நசுங்கிக் கிடந்தது. வலி பொறுக்காமல் ஒரு பக்கமாகவே சாய்ந்து உட்காருகிறாள். கேட்டால் வேலையை விட்டுவிடுவாள். அது போனால் அவள் என்ன ஆவாளோ என்று அக்காவுக்குப் பயம். இடப்பக்கம் ஒரு பிடி கம்பளியைக் கூடுதலாக அடைத்துத் தைத்தாள். தங்கை நேராக உட்கார்ந்தாள். மெத்தை அமுங்க அமுங்க, இன்னொரு பிடி.

அப்புறம்தான் குதிரை மாறியது. சேணத்தைக் கண்டாலே காதை மடக்கியது, கடிக்க வந்தது. சிடுமூஞ்சி என்று பேர் வைத்தார்கள். போன வாரம் அது ஒரு மாணவியைக் கீழே தள்ளிவிட, முதலாளி விற்க முடிவு செய்தார். நாளைக்கு வண்டி வருகிறது. குணம் கெட்டது என்று பேர் வாங்கிய குதிரை போகிற இடம் எப்படி இருக்கும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அடியும் பட்டினியும்தான்.

“அக்கா, எல்லாக் குதிரைக்கும் படம் எடுக்கிற. இவளுக்கும் ஒரு தடவை எடுத்துப் பாரேன். சேணம்தான் காரணம்னா முதலாளி விக்க மாட்டார்.”

கேட்டது தங்கையே. மறுக்க முடியவில்லை.

கதவைச் சாத்தி, முதுகைத் துடைத்து, காத்திருந்து எடுத்தாள். திரையில் முதுகு முழுக்கப் பச்சையும் நீலமும். இடது தோளுக்குப் பின்னால் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. சேணம் ஏறுமுன்பே அங்கே அத்தனை சூடு. அந்த இடம் அவளுக்கு மனப்பாடம். அவள் போட்ட தையல் சரியாக அங்கேதான் வரும்.

விரிப்பைப் போட்டு, சேணத்தை வைத்து, தங்கையை ஏறச் சொன்னாள். “மெதுவா ஒரே ஒரு சுத்து. போதும்.” விரிப்போடு இணைந்த திரையிலும் அதே இடம்தான் சிவந்தது.

“என்னம்மா, கோளாறு சேணத்துலயா, குதிரைகிட்டயா?” என்றார் முதலாளி.

நாள்பட்டால் கம்பளி கட்டிதட்டும் என்று சொன்னால் போதும். குதிரை தப்பிக்கும், தானும் தப்பிக்கலாம். ஆனால் இதன் முதுகிலோ வேறொரு குதிரையின் முதுகிலோ தங்கை மறுபடி சாய்ந்து உட்காருவாள். இவள் இன்னொரு பிடியை எடுப்பாள். நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“குதிரை மேல தப்பு இல்லைங்க. நான்தான். ஒன்றரை வருஷமா இடப்பக்கம் வேணும்னே கூட்டி அடைச்சிருக்கேன்.”

“எதுக்கு?”

அவள் முதலாளியைப் பார்க்கவில்லை. மேலே இருந்த தங்கையைப் பார்த்தாள். “அவ நேரா உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரியணும்னு.”

முதலாளி திரையையும் தங்கையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, நாளைக்கு வண்டி வேண்டாம் என்று சொல்லப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தங்கை கையை நீட்டித் திரையை வாங்கினாள். நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தாள். சிவப்பு நகரவில்லை. வலப்பக்கம் சாய்ந்து பார்த்தாள்; வலியில் முகம் கோணியது, திரும்பவும் இடப்பக்கமே வந்துவிட்டாள். குதிரை காதை மடக்கிக்கொண்டு, அசையாமல் நின்றது.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா.”

“சொன்னா நீ இறங்கிடுவியேன்னு பயந்தேன்டி.”

தங்கை குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். அப்புறம் கடிவாளத்தை விட்டாள்.

“அக்கா, கை குடு. இறங்கணும்.”