கல்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ஆறு கீமோ, ஒரு நோட்டு

இந்த வலைப்பூவில் எட்டு வருடமாக எழுதுகிறேன். பெரும்பாலும் தனியாக, பஸ்ஸில், ஒரே ஒரு தோள்பையோடு போய்வந்த ஊர்கள். ஆறு மாதமாக ஏன் எழுதவில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். இடது மார்பில் புற்றுநோய். ஜனவரியில் அறுவை சிகிச்சை, பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை கீமோ. அதற்காகச் செங்கல்பட்டுக்கு ஆறு முறை போனேன். ஆறு முறையும் என்னை ஐந்து நிமிடம்கூடத் தனியாக விடவில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். இதே பாதையில் இதே காரணத்துக்காகப் போகப்போகிறவர்களுக்கும் பயன்படலாம்.

முதலில் பாதை. கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு முப்பது கிலோமீட்டர், காரில் ஐம்பது நிமிடம். பஸ் உண்டு. ஆனால் கூட்டத்தில் நிற்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் எனக்கு வாடகைக் கார்தான். போக வர, காத்திருப்பும் சேர்த்து 1,800 ரூபாய். வழியில் இருபத்து மூன்று வேகத்தடைகள். போகும்போது எண்ண மாட்டீர்கள், திரும்பும்போது வயிறு எண்ணிவிடும். ஓட்டுநர் பாபு சதுரங்கப்பட்டினத்துக்காரர். இரண்டாவது முறை திரும்பும்போது அவரிடம் கத்தியேவிட்டேன்.

"நான் இன்னா மேடம் பண்றது? நானா கட்டி வச்சிகினு கீறேன்?" என்றார். நியாயமான கேள்வி. பதிலுக்குப் பிளாஸ்டிக் பையில் வாந்தி எடுத்தேன்.

இனி நோட்டு. என் கணவர் செந்தில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஷிப்ட் வேலைக்காரர். அவர் வேலை செய்யும் இடத்தில், அடுத்த ஷிப்ட் ஆள் வந்து, பதிவேட்டைப் படித்து, கையெழுத்துப் போட்டால்தான் முந்தைய ஆள் வீட்டுக்குப் போகலாம். ஆள் வராவிட்டால் அங்கேயே இருக்க வேண்டியதுதான். அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். நீளமான நோட்டு ஒன்று வாங்கி, கட்டம் போட்டு, நேரம், காய்ச்சல், சாப்பாடு, நிலைமை, ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர் என்று தலைப்பு எழுதினார். அக்கம்பக்கத்தில் ஐந்து பேருக்கு ஷிப்ட் பிரித்தார். ஒப்படைக்கவும் பெற்றுக்கொள்ளவும் நான் என்ன பம்ப்பா, வால்வா? ஒருநாள் அதைப் புரட்டினேன். "11.30: இட்லி ஒன்றரை. 12.10: வாந்தி. 12.40: எரிச்சல், வழக்கம் போல." இதைப் படித்த பிறகு எரிச்சல் வராமல் என்ன வரும்?

ஐந்து பேரில் நான்கு பேர் சட்டத்தை வளைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள். ஐந்தாவது ஆள் மும்தாஜ் அக்கா. புதுப்பட்டினத்தில் தையல் கடை வைத்திருக்கிறார், பதினோரு வருடமாக என் ரவிக்கைகள் எல்லாம் அவர் கை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கையைத் தூக்க முடியாததால் முன்பக்கம் பட்டன் வைத்துத் தைக்கச் சொல்லிப் போயிருந்தேன். அளவெடுத்து முடித்து டேப்பைச் சுருட்டினார். பிறகு, "இந்தப் பக்கம் பஞ்சு வச்சி தச்சிர்றேன், ஒண்ணும் தெரியாது. ஆமா, வூட்ல ஷிப்டு போட்டுகினு கீறாங்களாமே? எனக்கும் ஒண்ணு போடச் சொல்லு" என்றார். ஆலைக்குள் கால் வைத்ததே இல்லை, ஆனால் அந்த நோட்டை அவரைப்போல மதித்தவர் யாருமில்லை.

மூன்றாவது கீமோ முடிந்த பத்தாவது நாள். ரம்ஜானுக்கு ஒரு வாரம்கூட இல்லை, தையல் கடைக்கு அதைவிட வேலை மிகுந்த வாரம் கிடையாது. மதியம் இரண்டு மணிக்கு மும்தாஜ் அக்காவை விடுவிக்க வர வேண்டிய பக்கத்து பிளாக் பெண் விருந்தாளி வந்ததில் மறந்துவிட்டார். எனக்குத் தூங்கினால் போதும் என்றிருந்தது. "போங்கக்கா, கடையைப் பாருங்க" என்று மூன்று முறை சொன்னேன். நான்காவது முறை கத்தினேன்.

"இன்னாமா கத்திகினு கீற? ஆளு வர்ல, கையெழுத்து போடல. நான் எப்டி வூட்டுக்குப் போவேன்?"

காலையிலிருந்து நோன்பு, வாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நாற்காலியை என் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிப்போனேன். நாலரை மணிக்கு நெற்றியைத் தொட்டவர் தெர்மாமீட்டர் வைத்திருக்கிறார், 101.8. ஐந்தரைக்கு நான் செங்கல்பட்டில் படுக்கையில் இருந்தேன், நான்கு நாள் ஊசி. எதிர்ப்புச் சக்தி இறங்கிய நேரத்தில் தொற்று, இன்னும் சில மணி நேரம் தூங்கியிருந்தால் பேச்சே வேறு என்றார் மருத்துவர். அந்த நாலு நாளும் கடை பாதி நேரம்தான் திறந்திருந்ததாம். எனக்கு அவமானமாக இருந்தது, அதற்காக எரிச்சல் குறைந்துவிடவில்லை.

ஆறாவது கீமோ ஜூனில், கடைசி. காலை 6.40க்கு மும்தாஜ் அக்காவும் நானும் பாபுவின் காரில் கிளம்பினோம், 7.30க்குச் சேர்ந்தோம், மூன்றேகாலுக்கு முடிந்தது. இந்த ஆறு மாதத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: கடல், அதன் முன்னால் நான் மட்டும், அரை மணி நேரம். அதனால் மாமல்லபுரம் சுற்றி வரச் சொன்னேன். பதினாலு கிலோமீட்டர் அதிகம், 300 ரூபாய் கூடுதல். கோயில் பக்கம் கூட்டம், போகவில்லை. தெற்கே கொக்கிலமேட்டில் ஆளில்லாத கரையாகப் பார்த்து பாபு நிறுத்தினார். மணி ஐந்து. மும்தாஜ் அக்காவும் இறங்கினார்.

"நீங்க கார்லயே இருங்கக்கா."

"அது எப்டி? ஷிப்டு என்னுது."

அவர் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கினேன். பெற்றுக்கொண்டவர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். வாங்கி நிதானமாகப் படித்தார்.

"நெலம எழுதல நீ."

"காய்ச்சல் இல்லை. எரிச்சல் உண்டு" என்று எழுதினேன். தலையாட்டிவிட்டு, தன் கையெழுத்தையும் போட்டுவிட்டுக் காருக்குப் போய்விட்டார். அவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் பிப்ரவரியிலேயே போட்டிருப்பேன்.

மணலில் உட்கார்ந்தேன். மொட்டைத் தலைத் துணியை அவிழ்த்துக் காற்று வாங்கினேன். கொஞ்சம் அழுதேன், கேட்க ஆளில்லாததால் சத்தமாகவே. இருபது நிமிடம் ஆகியிருக்கும், போதும் என்று எழப் பார்த்தேன். முடியவில்லை. மருந்தில் பாதம் மரத்துப்போயிருந்தது, மணல் பிடி கொடுக்கவில்லை. இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் உட்கார்ந்தேன். எரிச்சலோடு பாபுவைக் கூப்பிடத் திரும்பினால், பத்தடி பின்னால் மும்தாஜ் அக்கா, கையில் செருப்பும் நோட்டும்.

"எப்ப வந்தீங்க?"

"அடுத்த ஷிப்டு நானு. கையெழுத்து போட்டுட்டேன். எழுந்திரு."

போகப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலை ஏழு மணிக்கு முன் கிளம்பினால் திருக்கழுக்குன்றத்தில் நெரிசல் இருக்காது. முன் சீட்டில் உட்காருங்கள், குலுக்கல் குறைவு. பிளாஸ்டிக் பை குறைந்தது நாலு வேண்டும், புளிப்பு மிட்டாய் வேண்டும். தெர்மாமீட்டர் கைப்பையில் இருக்கட்டும். கடற்கரையில் மணலில் உட்காராதீர்கள், மடக்கு நாற்காலி 650 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கூட வருகிறவர் போக மறுத்தால் சண்டை போட்டுச் சக்தியை வீணாக்காதீர்கள்.

கீமோ முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. பாதத்தில் உணர்ச்சி திரும்பிவிட்டது, போன வாரம் செங்கல்பட்டுக்கு ரத்தப் பரிசோதனைக்குப் பஸ்ஸில் தனியாகவே போய்வந்தேன். மற்ற நான்கு பேரும் கடைசி கீமோவோடு நின்றுவிட்டார்கள். மும்தாஜ் அக்கா மட்டும் இன்னமும் தினம் இரண்டு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வருகிறார், நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போடுகிறார். எனக்குத்தான் ஒன்றுமில்லையே, ஏன்க்கா என்று நேற்று கேட்டேன். நோட்டைத் திறந்து கொக்கிலமேட்டு வரியைக் காட்டினார். பெற்றுக்கொண்டவர் கட்டத்தில் அவர் கையெழுத்து. அதற்குக் கீழே காலி.

"ஆளு இன்னும் வர்லியேமா" என்றார்.