உப்பு வண்டிச் சங்கிலி

அப்போது ஆறுமுகநேரியிலிருந்து டிராக்டரில் உப்பு ஏற்றிப் போவேன். டிரெய்லரின் பின்கதவுச் சங்கிலி தொங்கி, தார்ச்சாலையில் உரசிக்கொண்டே வரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் டிரெய்லர் ஒழுங்காகப் பின்னால் வருகிறது என்று எனக்கு நிம்மதி.

ஒரு கோடையில், உடன்குடி அருகே பனை உச்சியிலிருந்து ஒருவர் கத்தினார்: “ஏலே, வண்டிய நிறுத்து! பொறத்தால தீ வருது!”

திரும்பினேன். சங்கிலியில் தெறித்த பொறி பட்டுச் சாலையோரக் காய்ந்த புல் எரிந்தது. காற்று அதை ஓலைக் குடிசைப் பக்கம் தள்ளியது. உள்ளே கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்த அவர் மனைவி பதநீர்ப் பானையோடு ஓடிவந்து ஊற்றினார். நான் செம்மண்ணை வாரி வாரி இறைத்தேன். குடிசைக்கு நாலு முழம் முன்னால் தீ அடங்கியது.

மூச்சிரைக்க அந்த அம்மா கேட்டார்: “இவ்வளவு சத்தம் போட்டு வருதே, ஒமக்குக் கேக்கலையா?”

கேட்டது.

இப்போது சங்கிலியைத் தூக்கிக் கட்டாமல் வண்டியை எடுப்பதில்லை. வழியில் அந்தச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுகிறேன்.