இப்படிக்கு சித்தப்பா

நான்காம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் என்னை அபிராமபுரத்தில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். வேளச்சேரி ஃபிளாட்டில் பகல் முழுவதும் என்னைத் தனியாக விட முடியாது. சித்திக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதல் மாடியில் ஒரு ஹால், இரண்டு அறை. பெரிய அறை அவர்களுக்கு. சின்ன அறை கம்ப்யூட்டருக்கு.

அதைக் கம்ப்யூட்டர் என்று என் வகுப்பில் சொன்னால் சிரித்திருப்பார்கள். படம் கிடையாது, வண்ணம் கிடையாது. கறுப்புத் திரையில் சாம்பல் நிற எழுத்துகள். ஓரத்தில் ஒரு சின்னக் கோடு கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, நாம் எதையாவது தட்டும்வரை காத்திருக்கும். டாஸ் என்று அதற்குப் பெயர். சித்தப்பா பகலெல்லாம் ஆபீசில் புத்தம்புதுக் கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் வந்து சட்டையைக்கூட மாற்றாமல் இதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். உலகம் எப்போதோ தூக்கிப் போட்ட ஒன்றை வீட்டில் ஓட வைப்பதில் அவருக்கு அப்படியொரு ஆனந்தம்.

ஒரு சனிக்கிழமை வயர் நுனியில் உருண்டையான செருகி வைத்த பழைய கீபோர்டு ஒன்றைத் தேடி, என்னையும் கூட்டிக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் போனார். கடைக்காரர் பரணிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டியபடி, “இத்த இன்னும் கேட்டுகினு வர்றது நீ ஒர்த்தன்தான் சார்” என்றார். சித்தப்பா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வழியெல்லாம் சிரித்தபடி வந்தார்.

அந்த இயந்திரத்துக்கு நினைவில் வைத்துக்கொள்ளும் சக்தி மிகக் குறைவு. போட்டவுடன் அது செய்ய வேண்டிய வேலைகளையெல்லாம் ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைக்க வேண்டும். எது முதலில், எது பின்னால் என்று மாற்றி மாற்றிப் பார்த்தால் உள்ளே கொஞ்சம் இடம் மிச்சமாகும். அந்த மிச்சம் இருந்தால்தான் ஒரு விமான விளையாட்டு ஓடும். அதற்காகச் சித்தப்பா வாரக்கணக்கில் வரிசையை மாற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரியையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டேதான் தட்டுவார். பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி இருக்கும். சித்தி சமையலறையில் இருப்பாள். ஒருநாளும் அந்த அறைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

நான் போன இரண்டாவது வாரம் சண்டை வந்தது. அவர்கள் அறைக் கதவு சாத்தியிருந்தது. எனக்குக் காதில் விழுந்தது கொஞ்சம்தான்.

“அந்த ரூமைக் காலி பண்ணுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

“காலி பண்ணிட்டு? காலியா வச்சுப் பாத்துட்டே இருக்கவா?”

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அடுத்த நான்கு நாளும் இல்லை. ஒரே ஹாலில் உட்கார்ந்துகொண்டு, “சித்தப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு” என்று சித்தி என்னிடம் சொல்வாள். நான் மூன்றடி தள்ளிப் போய் அதையே திருப்பிச் சொல்வேன். “பசியில்லைன்னு சொல்லு” என்பார் அவர். நானும் சொல்வேன். முதல் நாள் இது விளையாட்டாக இருந்தது. மூன்றாம் நாள் பயமாகிவிட்டது. ஸ்கூல் வேனில் என் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் வீட்டில் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் பேசாமல் இருந்தார்களாம். பிறகு அவளுடைய அப்பா ஒரு பெட்டியோடு போய்விட்டாராம்.

சித்தப்பாவை மன்னிப்புக் கேட்க வைக்க என்னால் முடியாது. ஆனால் அவர் கேட்ட மாதிரி எழுத முடியும். இயந்திரத்தைப் போட்டதும் முதலில் படிக்கும் கோப்பு எதுவென்று தெரியும். கோப்பில் எழுதுவது எப்படி என்றும் அவர் தட்டுவதைப் பார்த்துப் பார்த்தே தெரிந்துவைத்திருந்தேன். மதியம் சித்தி கண்ணயர்ந்த நேரத்தில் போய் உட்கார்ந்தேன். ஏற்கெனவே இந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது, அதை அழித்துவிட்டு எழுதட்டுமா என்று திரை ஆங்கிலத்தில் கேட்டது. அவ்வளவு மரியாதையாகக் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆமாம் என்று தட்டினேன்.

சித்தி எழுந்ததும் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவள் வாசற்படியோடு நின்றுகொண்டாள். நான் சுவிட்சைப் போட்டேன். ஆங்கில எழுத்தில் என் தமிழ் ஒவ்வொரு வரியாக வந்தது. அவர் கோப்பின் தலையில் எழுதிவைத்திருந்த ஏதோவொரு கட்டளை போய்விட்டதால் ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை வந்தது.

“சித்தி சாரி. இனிமே சண்டை போட மாட்டேன். இப்படிக்கு சித்தப்பா.”

சித்தி கடைசி வரி வரை படித்தாள்.

“உங்க சித்தப்பா என்னைச் சித்தின்னா கூப்பிடுவாரு?”

“மறந்துபோய் எழுதியிருப்பாரு” என்றேன்.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். தோள் குலுங்கியது. கோபம்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

சாயங்காலம் சித்தப்பா வந்து இயந்திரத்தைப் போட்டார். மன்னிப்பு இரண்டிரண்டாக வந்தது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது. மவுஸை அசைத்தார், அசையவில்லை. சிடியைப் போட்டார், இயந்திரம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. விமானம் ஒரு பிழைச் செய்தியோடு திரும்பிவிட்டது. அத்தனை வாரத்து வேலையும் போய்விட்டது என்று அவர் முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்தது. அழ ஆரம்பித்தேன். அவர் திட்டவில்லை. அலமாரியிலிருந்து ஒரு ஃபிளாப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் வைத்திருந்த நகலும் உதவாது. கடற்காற்றின் ஈரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது.

ஒரு தாளை எடுத்து நினைவிலிருந்து எழுத ஆரம்பித்தார், வழக்கம்போல் வாய்விட்டுச் சொல்லியபடி. நான்கு வரி வந்தது. ஐந்தாவதில் நின்றுவிட்டார். மவுஸ் என்று எழுதினார், அடித்தார். மறுபடி எழுதினார்.

“அதுக்கு முன்னாடி சிடி வரும்” என்று வாசலிலிருந்து குரல் கேட்டது.

சித்தப்பா திரும்பவில்லை. பேனாவும் அசையவில்லை.

“மவுஸ் கடைசியில. முதல்ல வச்சா இடம் பத்தலைன்னு நீங்கதானே புலம்புனீங்க.”

“சரி. அப்புறம்?”

“அப்புறம் அந்த சவுண்டுது. ஏ டூ ட்வென்டி, ஐ ஃபைவ், டி ஒன்.”

அவளுக்கு அதில் ஒன்றுக்கும் அர்த்தம் தெரியாது. குக்கர் சத்தத்துக்கும் குழம்பு தாளிப்புக்கும் நடுவில் தினமும் காதில் விழுந்ததை அப்படியே சொன்னாள். வாசலில் நின்றவள் உள்ளே வந்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வரிக்கு இருவரும் வாதாடினார்கள். அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது. விமானம் பறந்தபோது சித்தப்பா, “பாரும்மா” என்று அவளைத்தான் கூப்பிட்டார், என்னையில்லை.

அடுத்த ஞாயிறு அவரே அந்த இயந்திரத்தைத் தூக்கி ஹாலில், சாப்பாட்டு மேஜையின் பாதியில் வைத்தார். சித்தி தட்டுகளை மீதிப் பாதிக்கு நகர்த்திக்கொண்டாள். என் கடிதம் வேலை செய்துவிட்டது என்று அம்மாவுக்குப் போன் பண்ணிப் பெருமையடித்தேன்.

காலேஜ் படிக்கும்போது ஒருநாள் இதை அம்மாவிடம் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா சிரிக்கவில்லை. “அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் அவளுக்கு ஒண்ணு தங்காமப் போச்சு. அந்த ரூமை அதுக்குன்னுதான் ஒழிச்சு வச்சிருந்தாங்க. திறந்து பாக்க முடியலைன்னு அவர் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வச்சுட்டாரு” என்றாள். அந்த லீவுக்கு என்னை அங்கே அனுப்பச் சொன்னதும் சித்திதானாம்.

இதெல்லாம் தெரியாமல்தான் கடைசி வாரம் முழுவதும் அந்தக் காலி அறையில் தூங்கினேன். வீட்டுக்குக் கிளம்பும் அன்று காலை சித்தி எனக்குத் தலை வாரிவிட்டாள். வழக்கத்தைவிட மெதுவாகத்தான் பின்னினாள். இது யாருடைய ரூம் என்று கேட்டேன். அவள் ரிப்பனை முடிந்துவிட்டு, “இப்போதைக்கு உன்னோடதுதான்” என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வேளச்சேரியில் எனக்கென்று தனி அறை கிடையாது. கட்டிலை ஜன்னல் பக்கம் போடணும், சுவருக்கு ரோஸ் கலர் அடிக்கணும், நான் இல்லாதபோது வேற யாரையும் உள்ளே விடக் கூடாது என்று வரிசையாகச் சொன்னேன். சித்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு சீப்பைக் கழுவ வேண்டும் என்று எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை. கோடைக்காலம். எங்கள் ஃபிளாட்டில் லாரித் தண்ணீரை ஒவ்வொரு பக்கெட்டாகப் பார்த்துப் பார்த்துச் செலவழிப்போம்.

“சித்தி, தண்ணி வீணாப் போகுது” என்று குரல் கொடுத்தேன்.