கள்ளில்லாத ஊரில் ரொட்டிக்கடை

பட்டாளத்தில் நான் துப்பாக்கி பிடித்ததைவிட மாவு பிசைந்ததுதான் அதிகம். ஈராக்கில் எங்கள் படைக்கு ரொட்டி சுடும் கூடாரத்தில் இரண்டாவது உலக யுத்தம் முடியும்வரை வேலை. அந்தத் தொழிலை வைத்து ராசிபுரத்தில் பிழைத்துக்கொள்ளலாம் என்று கப்பலில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். அண்ணனிடம் சொன்னதற்கு, சோளக்காட்டைப் பார்க்காமல் காய்ச்சல்காரன் தின்கிறதை விற்றா குடும்பம் நடத்தப்போகிறாய் என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் பக்கம் அன்றைக்கு ரொட்டி என்பது வைத்தியர் சொன்னால் பாலில் நனைத்துக் கொடுப்பது. நல்ல உடம்போடு இருக்கிறவன் வாங்கினால், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிப்பார்கள்.

அதையும் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓட்டுக் கட்டடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, செங்கல்லும் களிமண்ணும் வைத்து அடுப்பை நானே கட்டினேன். மாவு எழும்பக் கள் வேண்டும். சேலத்தில் ரொட்டி சுட்டுவந்த பாய் ஒருவர் அப்படித்தான் செய்வார். பனைக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? ஆனால் அடுப்பு காய்வதற்குள் மதுவிலக்கு திரும்பி வந்துவிட்டது. சண்டைக் காலத்தில் திறந்திருந்த கள்ளுக்கடைகளையெல்லாம் மூடிவிட்டார்கள். குடிக்கிறவர்கள் எப்படியோ வழி கண்டுபிடித்தார்கள். நான்தான் மாட்டிக்கொண்டேன்.

முதல் ரொட்டி அடுப்புச் செங்கல்லுக்கு அண்ணன் மாதிரி வந்தது. இட்லி மாவைக் கலந்து பார்த்தேன். புளிப்பில் வாய் வைக்க முடியவில்லை. அப்புறம்தான் பட்டாளத்தில் ஒரு வெள்ளைக்கார சார்ஜெண்ட் செய்தது நினைவுக்கு வந்தது. உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, வெல்லம் கரைத்து ஊற்றி, பானை வாயைத் துணியால் வேடு கட்டிப் புளிக்க வைத்தேன். பானை பானையாகக் கெட்டது. கோதுமை மாவு கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம். வீணான மாவையெல்லாம் மாட்டுக்குப் போட்டேன். தை கழிந்து ஒரு காலையில் ரொட்டி பஞ்சு போல எழும்பி வந்தது. என் மனைவி இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே போலீஸ் வந்தது. புளித்த வாசனை தெருவுக்கு வந்ததும் யாரோ சாராய ஊறல் என்று சொல்லிவிட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் பானையின் துணியை லத்தியால் விலக்கி முகர்ந்தார்.

“ரொட்டிக்கு ஊத்தறதுங்க. கெழங்கும் வெல்லமுங்க,” என்றேன்.

“வெல்லத்தைக் கரைச்சு ஊறப்போட்டா அதுக்கு வேற பேரு இருக்குதய்யா.”

சுட்ட ரொட்டியைக் காட்டினேன். யுத்தம் முழுக்க சர்க்காருக்கு ரொட்டி சுட்டவன் என்றேன்.

“நானும் சர்க்கார் சொல்லித்தான் வந்திருக்கேன்,” என்றார்.

கான்ஸ்டபிள்கள் பானைகளைத் தெருவில் போட்டு உடைத்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் நுரை ஓடுவதைப் பார்த்து ஒதுங்கி நின்றார்கள். இன்னொரு தரம் பிடிபட்டால் கேஸ்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எதிரே நின்று சண்டை போட்டவனிடம்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. ஆத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

“ஏனுங்க, புளிக்க வெக்காத பண்டம் ஒண்ணுமே பட்டாளத்துல செய்யலீங்களா?” என்று மனைவி கேட்டாள்.

செய்தோம். நெடும்பயணம் போகிற படைக்குக் கொடுக்கும் பிஸ்கோத்து. பல்லை உடைக்கும், எங்களில் ஒருவனும் விரும்பித் தின்றதில்லை. வேறு வழியில்லாமல் அதில் தேங்காய்த்துருவலும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்துச் சுட்டேன். டீக்கடைக்காரர்கள் கேட்டு வாங்கினார்கள். ஆத்தூர்வரை போனது. அண்ணனே சொந்தக்காரர்களிடம் என் கெட்டிக்காரத்தனத்தைப் பேச ஆரம்பித்தார். நான் சுட ஆசைப்பட்டது ரொட்டி; பிஸ்கோத்தைப் பாராட்டுகிறவர்களிடம் எரிந்து விழாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கொஞ்ச காலம் கழித்துச் சேலத்துக் கடைகளில் ஈஸ்ட் டின்னில் வந்து இறங்கியது. மாவு எழும்ப இனிக் கள்ளும் வேண்டாம், பானையும் வேண்டாம். ஒரு டின் வாங்கி வந்தேன். அதைத் திறக்க நேரம் எங்கே? அடுப்பு முழுக்கப் பிஸ்கோத்து.