ஸ்டோர் சாரின் பெட்டி

லிப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியின் கிளை அலுவலகம் தரைத்தளத்தில் இருந்தது. வாசலைத் தாண்டினால் வலப்பக்கம் மெக்கானிக்குகள் உட்காரும் பெஞ்சு, இடப்பக்கம் ஒரு கண்ணாடித் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் கன்ட்ரோல் அக்கா. நகரத்தில் யார் எந்த இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டாலும் தகவல் அவரிடம்தான் வரும். அவர் ஒரு மெக்கானிக்கை அனுப்புவார். "எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டால், "பத்து நிமிஷம்" என்பார். நாற்பது நிமிடமாகும் என்று தெரிந்தாலும் அதுவே பதில். பதினாறு வருடங்களாக இதுதான் வேலை. அவரைவிட மூத்த மெக்கானிக்குகளும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். மரியாதை பாதி, பதினெட்டு மாடிக் கட்டடத்துக்குத் தம்மை அனுப்பிவிடக் கூடாதே என்ற கவலை மீதி.

அலுவலகத்தின் கடிதங்கள், விடுப்பு விண்ணப்பம், பணியாளர் பதிவேடு, கூட்ட நினைவூட்டல் எல்லாம் ஒரே மென்பொருளில் ஓடின. அதற்கு ஒரு பெயர் உண்டு, யாரும் சொன்னதில்லை. கோபக்கார மாமனாரைப் பற்றிப் பேசுவதுபோல "அது" என்பார்கள். "அது எழுந்துடுச்சா?" "இன்னிக்கு அதுக்கு மூடு சரியில்ல." காலையில் அதைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்து வந்தால் திறந்திருக்கும். டீ பழக்கம் இல்லாதவர்கள் சும்மா நின்றுகொண்டிருப்பார்கள்.

திங்கட்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு எல்லாத் திரைகளிலும் "தீயணைப்புப் பயிற்சி" என்று ஒரு நினைவூட்டல் வரும். எட்டு வருடங்களுக்கு முன்பு பழைய மேனேஜர் ஒரு மாதத்துக்கென்று போட்டது. நிறுத்தும் உரிமை போட்டவருக்கு மட்டுமே, அவரோ இறந்துவிட்டார். எல்லோரும் "சரி" என்று அமுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஒரு திங்கட்கிழமை ஸ்டோர் ரூமில் ஒரு பிளக் உண்மையாகவே புகைந்தது. "தீ! தீ!" என்று யாரோ கத்தினார்கள். திரையும் அதையே சொன்னது. எல்லோரும் "சரி" அமுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது கடிதப் பெட்டியின் அளவு. ஆளுக்கு நூறு படம் கொள்ளும் அளவுக்குத்தான் இடம். நிரம்பிவிட்டால் ஓரத்தில் சிவப்புக் கோடு வரும். அதன் பிறகு வரும் கடிதங்களை அது வாங்காது. வாங்கவில்லை என்று அனுப்பியவருக்கும் சொல்லாது. அனுப்பியவர் போய்ச் சேர்ந்தது என்று நிம்மதியாக இருப்பார், பெறவேண்டியவர் ஒன்றும் வரவில்லை என்று நிம்மதியாக இருப்பார், நடுவில் ஒரு லிப்ட் நின்றுகொண்டிருக்கும்.

இந்த இடத்தில்தான் ஸ்டோர் சார் வருகிறார். சரியாகச் சொன்னால், போகிறார். ஒன்பது வருடங்களுக்கு முன்பு ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பர் அவர். அவருடைய பெட்டி, அளவு விதி வருவதற்கு முன்பே உருவானது என்பதால் அதற்கு எல்லையே இல்லை. அதை மூடவும் முடியவில்லை. மூட வேண்டுமானால் உரியவரின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கேட்டு ஒரு கடிதம் அவருடைய பெட்டிக்கே போனது. அவர் வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அது இன்றுவரை அவருடைய ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.

ஆகவே அலுவலகம் முழுதும் தம் கனமான கடிதங்களை ஸ்டோர் சாருக்கு அனுப்பிவிட்டுத் தம் பெட்டியைக் காலி செய்துகொண்டது. கடவுச்சொல் கன்ட்ரோல் அக்காவின் கண்ணாடித் தடுப்பில் ஒட்டியிருந்தது. தேடும் வசதி தலைப்பை மட்டுமே பார்க்கும் என்பதால், பிற்பாடு சுலபமாகக் கிடைக்கட்டும் என்று அக்கா ஒரு முறை சொல்லிக் கொடுத்தார்: "தலைப்பை அழிச்சிட்டு 'முக்கியம்'னு போட்டு அனுப்புங்க." நல்ல யோசனை என்று எல்லோரும் பின்பற்றினார்கள். கெடுதல் அதில்தான் இருந்தது.

*

ஒரு செவ்வாய்க்கிழமை மேனேஜர் அக்காவை அறைக்குள் கூப்பிட்டார். தலைமை அலுவலகம் புது மென்பொருளுக்கு மாறுகிறது. அதோடு ஆட்கள் பட்டியலும் புதிதாகிறது. நிரந்தரப் பணியாளர்கள் கம்பெனியில் தொடர்வார்கள். தற்காலிகப் பணியாளர்கள் திங்கள் முதல் வெளி கான்ட்ராக்டரின் ஆட்கள். வேண்டுமா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்வார்.

"உங்க பேருக்கு நேரா தற்காலிகம்னு இருக்கே?" என்றார் மேனேஜர்.

"எட்டு வருஷம் முன்னாடியே நிரந்தரம் ஆயிட்டேனே சார்."

"நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்."

"நானும்தான் சார்."

மேனேஜர் திரையை அக்கா பக்கம் திருப்பிக் காட்டினார். நடந்தது இதுதான். பழைய மேனேஜர் பதிவேட்டில் அக்காவின் வரியை "நிரந்தரம்" என்று திருத்திய அதே மதியம், தலைமை அலுவலகத்தில் ஒருவர் அதே வரியில் அக்காவின் வீட்டு விலாசத்தைத் திருத்தினார். இரண்டு பேர் ஒன்றைத் திருத்தினால் எது சரி என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றை மேலேயும் மற்றதைக் கண்ணில் படாத அடியிலும் போட்டுவிடும். மேலே வந்தது விலாசம். எட்டு வருடங்களாக அக்கா சரியான விலாசத்தில் தற்காலிகமாக இருந்திருக்கிறார். புது மென்பொருளுக்கு மேல் வரி மட்டும் போயிற்று.

"ஆர்டர் காப்பி இருக்கும்ல? வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள அனுப்பிட்டா மாத்திடுவாங்க. அதுக்கப்புறம் பட்டியலைப் பூட்டிடுவாங்க."

"இருக்கு சார். பத்திரமா வெச்சிருக்கேன்."

"எங்க?"

"ஸ்டோர் சார் பெட்டியில."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய முக்கியமான கடிதங்களும் அங்கேதான் இருந்தன.

*

புதன்கிழமை அக்கா ஸ்டோர் சாரின் பெட்டியைத் திறந்து "முக்கியம்" என்று தேடினார். ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வந்தது. அதற்குள் "மிக முக்கியம்" எழுநூறு. "மிக மிக முக்கியம்" முப்பத்தொன்று, அப்படிப் போடுவது ஸ்பேனர் என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக் மட்டும்தான்.

தேதி பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், எல்லாவற்றுக்கும் ஒரே தேதி. இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை சிஸ்டம்காரர் அந்தப் பெட்டியை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார். இருபது வருடக் கடிதங்களும் அந்த ஞாயிற்றுக்கிழமை எழுதப்பட்டவை ஆகிவிட்டன. அனுப்பியவர் பெயரோ திறந்தால்தான் தெரியும். ஒவ்வொன்றாகத் திறப்பதைத் தவிர வழியில்லை. ஒன்று திறக்க இருபது நொடி.

ஸ்பேனர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அக்கா, நான் அந்த சிஸ்டத்துல கீழேருந்து பாத்துட்டு வரேன். நீங்க மேலேருந்து வாங்க. நடுவுல சந்திப்போம்."

அவர் அங்கே நுழைந்ததும் அக்கா இங்கே வெளியே தள்ளப்பட்டார். ஒரு பெட்டிக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான். அக்கா மீண்டும் நுழைந்தார். ஸ்பேனர் வெளியே விழுந்தார்.

"லிப்ட்லகூட நாலு பேர் ஏறலாம்க்கா" என்று முணுமுணுத்துவிட்டு ஸ்பேனர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

முக்கியமானவை ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒரு பல்லின் எக்ஸ்ரே. தேய்ந்த இரும்புக் கயிற்றின் படம், பதினேழு கோணங்களில். ஒருவருடைய மகளின் மதிப்பெண் பட்டியல். கிரீஸ் டின்னின் படம். அந்த டின் தவறு என்று சொல்லும் கடிதம். சரியான டின்னின் படம். "குடை யாராவது எடுத்தீங்களா?" என்ற சுற்றறிக்கை, அதற்கு வந்த நாற்பத்தைந்து "இல்லை"கள், எல்லாம் முக்கியம். நடுநடுவே போன் அடிக்கும். "பயப்படாதீங்க, ஆள் கிளம்பியாச்சு. பத்து நிமிஷம்." மாலைக்குள் அறுநூறு பார்த்திருந்தார்.

வீட்டில் கணவர் சோபாவில் ஈரத்துணியால் நகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். தூள் எங்கேயாவது ஒட்டிக்கொண்டே இருக்கும். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கலாம்ல?" என்றார்.

"அந்த வருஷம் காகிதமில்லா அலுவலகம்னு அறிவிச்சாங்க. பிரிண்ட் எடுக்கக் கூடாதுன்னு பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தாங்க."

அவர் சிரிப்பை அடக்கினார், முடியவில்லை. "நீ இல்லன்னா அந்த ஆபீஸே ஓடாதுன்னு சொல்லுவியே."

"இப்பவும் அப்படித்தான். நான் இருக்கேன்னு காட்டத்தான் ஒண்ணும் இல்ல."

"நாளைக்கு நானும் லீவு போட்டுட்டு வரவா?"

"வந்து என்ன பண்ணுவீங்க?"

"பக்கத்துல உக்காருவேன்."

"அதுக்கு ஸ்பேனர் இருக்கான்" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, "கேட்டீங்களே, அதுவே போதும்" என்றார்.

*

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சத்தில், அது கிடைத்தது. ஸ்பேனர்தான் முதலில் பார்த்தார். "அக்கா! உங்க பேரு!" பெஞ்சிலிருந்த மெக்கானிக்குகள் எல்லோரும் கண்ணாடித் தடுப்பைச் சூழ்ந்துகொண்டார்கள்.

பழைய மேனேஜர் எழுதியிருந்தார்: "வாழ்த்துகள். தங்களுடைய உத்தரவு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. பத்திரமாக வைத்துக்கொள்ளவும்."

கீழே இணைப்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டம். "இந்த இணைப்பு மூன்று ஆண்டுகளைக் கடந்துவிட்டதால் சேமிப்பகத்துக்கு மாற்றப்பட்டது." அக்கா கட்டத்தை அமுக்கினார். மணல் கடிகாரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மெக்கானிக்குகள் ஒவ்வொருவராகப் பெஞ்சுக்குத் திரும்பினார்கள்.

சிஸ்டம்காரருக்குப் போன் போட்டார். வேறு இரண்டு கிளைகளையும் பார்த்துக்கொண்டு எப்போதும் எங்கோ போய்க்கொண்டிருப்பவர் அவர்.

"அந்தச் சேமிப்பகத்த மூடி நாலு வருஷமாச்சுங்களே. வேணுங்கிறவங்க எடுத்துக்கங்கன்னு எல்லாருக்கும் மெயில் போட்டோமே."

"எனக்கு வரலியே."

"உங்க பெட்டி நெறஞ்சிருந்திருக்கும்."

அடுத்து ஸ்டோர் சாருக்கே போன் போட்டார். என்ன எதிர்பார்த்தார் என்று அவருக்கே தெரியாது. பெட்டி அவருடையது அல்லவா.

"நல்லாருக்கியாம்மா? எம் பெட்டியா? அது இன்னும் இருக்கா?"

"அதுலதான் சார் எல்லாரும் இருக்கோம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு விஷயம் புரிந்ததும் பதறிப்போனார். "நான் வேணா வந்து சாட்சி சொல்றேன்மா. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. நான் ரிடையர் ஆன அன்னிக்கு நீதானே வாசல் வரைக்கும் வந்தே. அப்பக்கூட சொன்னேனே, கவலப்படாதே, உன்னையும் ஒருநாள் நிரந்தரம் பண்ணிடுவாங்கன்னு."

"ஆமா சார். அதுக்கு அடுத்த வருஷம்தான் பண்ணாங்க."

"அப்ப எஞ்சாட்சி..."

"வேண்டாம் சார். உடம்பப் பாத்துக்குங்க."

வெள்ளிக்கிழமை காலை, மேனேஜர் அந்தக் கடிதத்தை, சாம்பல் கட்டத்தோடு, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். தாமும் நாலு வரி எழுதினார். நான்கே முக்காலுக்குப் பதில் வந்தது: "இணைப்பு விடுபட்டுள்ளது. மீண்டும் அனுப்பவும்." ஐந்து மணிக்குப் பட்டியலைப் பூட்டிவிட்டார்கள்.

*

திங்கட்கிழமை புது மென்பொருள் மூன்றே நொடியில் திறந்தது. டீ குடிக்கப் போனவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் பாதியில் திரும்பி வந்தார்கள். அக்கா தம் பெயரை அடித்தார். "தங்களுக்கு அனுமதி இல்லை" என்று பணிவாகச் சொன்னது. பழையது இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

மேனேஜர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றார். "ஒரு விஷயம். ஸ்டோர் சார் பேரு இருக்கு."

"எதுல சார்?"

"நிரந்தரப் பட்டியல்ல. போன மாசம் யார் பெட்டியெல்லாம் நடமாட்டத்துல இருந்துச்சுன்னு பாத்து எடுத்திருக்காங்க. நம்ம கிளையிலேயே அவருதான் அதிகம் உழைச்சிருக்காரு. பாராட்டுக் கடிதம்கூட வந்திருக்கு."

ஸ்பேனர் பெஞ்சிலிருந்து, "பென்ஷன்லயும் மனுஷன் ஓயல பாரு" என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவரும்.

"ஒரு மனு போட்டுப் பாருங்க" என்றார் மேனேஜர்.

"எதுல சார் போடறது?"

மேனேஜரின் பார்வை தடுப்பில் ஒட்டியிருந்த கடவுச்சொல் சீட்டுக்குப் போனது. அக்காவின் பார்வையும் போனது. ஸ்டோர் சாரின் பெயரில் நுழைந்ததும், "மீண்டும் வருக" என்றது திரை. அக்கா நிதானமாக எழுதினார். பதினாறு வருடம், எட்டு வருடம், விலாசம், இணைப்பு, சேமிப்பகம். எழுதியவர் யார் என்பதையும் ஒளிக்கவில்லை. தம் பெயரையே போட்டார். தலைப்பில் பழக்க தோஷத்தில் கை "முக்கியம்" என்று அடித்தது. அழித்துவிட்டு, "என் வேலை தொடர்பாக" என்று மாற்றினார்.

சரியாகப் பத்து மணிக்கு எல்லாத் திரைகளிலும் "தீயணைப்புப் பயிற்சி" வந்தது. மாற்றும்போது எதுவும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டதாகச் சிஸ்டம்காரர் சொல்லியிருந்தார். எல்லோரும் "சரி" அமுக்கினார்கள்.

பத்தேகாலுக்குப் பதில் வந்துவிட்டது. வேகத்தில் குறையில்லை. "அன்புடையீர், தங்கள் நீண்ட சேவைக்கு நன்றி. சக பணியாளர் மீது தாங்கள் காட்டும் அக்கறை பாராட்டத்தக்கது. எனினும், சம்பந்தப்பட்டவர் தம் சொந்தக் கணக்கிலிருந்து விண்ணப்பித்தால் மட்டுமே பரிசீலிக்க இயலும்."

அக்கா அதை இரண்டு முறை படித்தார். கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கான்ட்ராக்டரின் ஆள் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் வந்து வேண்டும் என்பாரோ வேண்டாம் என்பாரோ, அதுவரை இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதற்குப் பட்டியலில் விடையில்லை.

போன் அடித்தது. மேனேஜர் எடுப்பதா வேண்டாமா என்று தயங்கினார். மெக்கானிக்குகள் அக்காவைப் பார்த்தார்கள். நான்காவது மணிக்கு அக்கா எடுத்தார்.

யாரோ ஒரு பெண். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில். விளக்கும் போய்விட்டதாம்.

"பயப்படாதீங்கம்மா. கதவை நீங்களா தள்ளாதீங்க. சுவரோரமா நில்லுங்க." அக்கா ஸ்பேனரைப் பார்த்தார், அவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டிருந்தார். "ஆள் கிளம்பியாச்சு."

"எவ்வளவு நேரமாகும்?" என்றது குரல்.

அக்கா திரையைப் பார்த்தார். அதில் ஸ்டோர் சாரின் பெயர் இருந்தது.

"பத்து நிமிஷம்" என்றார்.