அப்டேட்டைத் தொடாத அண்ணன்

போன செவ்வாய்க்கிழமை வீட்டில் கொள்ளுப்பொடி தீர்ந்துவிட்டது. எங்கள் பிளாக்கில் கொள்ளுப்பொடி என்றால் சரோஜா அக்காதான். மாடியேறிப் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால், “வெப்சைட்லயே ஆர்டர் போடுங்க தம்பி, அப்பத்தான் எல்லாருக்கும் பழகும்” என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சமர்த்தாகப் போனில் திறந்தேன்.

பொடியைக் காணோம். ஒரு பெண்மணி சீட்டுக்கட்டை விசிறிபோல விரித்துக் கண்ணடித்தார். கீழே படிக்கத் தெரியாத எழுத்தில் ஏதேதோ. பக்கத்தில் நின்ற என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதற்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிப்போனது.

அக்காவின் கணவர் பழனிச்சாமி அண்ணன், நிலக்கரி மைன்ஸில் எலெக்ட்ரிகல் ஷிப்ட் இன்சார்ஜ். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். அடுத்த மாதம் ரிட்டயர்மென்ட். கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஊருக்கே போகிறார்கள். இத்தனை வருஷமாக அக்காவின் பொடிக்கு முகவரி அந்தக் குவார்ட்டர்ஸ் கதவுதான். கதவு போனால் வியாபாரமும் போய்விடும். அதற்குத்தான் வெப்சைட்.

உள்விவரத்தை யாரும் படிக்கக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் செய்யலாம் என்று சென்ற வருஷம் யோசனை சொன்னது நான்தான். மென்பொருளின் பெயர் எதற்கு? சொன்னால் எனக்குக் கமிஷன் வந்ததாக பிளாக் முழுக்கப் பேசுவார்கள். இணையத்தில் வைக்கிற இடத்துக்கும் முகவரிப் பெயருக்கும் மட்டும் வருஷத்துக்குக் கொஞ்சம் கட்ட வேண்டும், மென்பொருள் இலவசம் என்றேன். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இலவசம்ங்கிறீங்க. இதுக்கு ஓனர் யாருங்க?”

“ஓனர்னு ஒருத்தர் இல்லண்ணே. உலகம் பூராவும் இருந்து ஆளுங்க சேர்ந்து எழுதுறாங்க.”

“அத்தன பேருமே கான்ட்ராக்ட்டுங்களா? ஒரு பர்மனென்ட் ஆளுகூட இல்லீங்களா?”

அதற்குள் அடுத்த சந்தேகம். மென்பொருளின் உள்விவரத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றால், சரோஜாவின் கஸ்டமர் போன் நம்பரையும் ஊரே படிக்குமா? சாம்பார் செய்முறை ஊருக்கே தெரியும், அதற்காக உங்கள் வீட்டுக் குண்டானை யாராவது திறந்து பார்க்க முடியுமா என்றேன். தலையாட்டினார். புரிந்து ஆட்டினாரா என்பது வேறு விஷயம்.

பிளாக்கில் மற்றவர்கள் மட்டும் சளைத்தவர்களா? “ஓசியில கிடைக்கிறது எதுவும் உருப்படாது சார்” என்றார் கீழ்வீட்டுக்காரர். கம்பெனி வீட்டில் உட்கார்ந்து, கம்பெனித் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இப்படிச் சொல்கிற தைரியம் எங்கள் டவுன்ஷிப்காரர்களுக்குத்தான் வரும்!

எப்படியோ வெப்சைட் வந்தது. பொடி செய்வது சரோஜா, நிர்வாகம் பார்ப்பது நான் — என்று அண்ணனே தனக்கு ஆர்டர் போட்டுக்கொண்டார். கொஞ்ச நாளில் திரையில் சிவப்பாக ஓர் எண் தோன்றியது. அப்டேட் வந்திருக்கிறதாம். அமுக்கப் போன அக்காவின் கையைத் தட்டிவிட்டார்.

“ஓடற மெஷின்ல கைய வெக்கக் கூடாது.”

நல்ல விதிதான். ஓடுகிற கன்வேயரில் கை வைத்தால் கை இருக்காது. அந்த விதியால்தான் அண்ணனுக்குப் பத்து விரலும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் கன்வேயரும் வெப்சைட்டும் ஒன்றா? தானாக அப்டேட் ஆகும் வசதியையும் தேடிப்பிடித்து நிறுத்தினார். சிவப்பு எண் ஏறிக்கொண்டே போனது. அண்ணன் நிம்மதியாக இருந்தார்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நான் மாடிக்குப் போனபோது அண்ணன் முகத்தில் ஒரு வெற்றிக்களை.

“நான் அப்பவே சொன்னனுங்களே... ஓசி மென்பொருள்னா இப்படித்தான்.”

அக்கா அடுப்படியில் வறுத்த கொள்ளை ஆற வைத்துவிட்டு அப்படியே நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது.

“வடலூர்ல இருந்து ஒரு கஸ்டமர் கூப்பிட்டு, ஏம்மா, சூதாட்டம் நடத்தறியான்னு கேக்கறாருங்க தம்பி. ஊருக்குப் போய்ட்டா இந்தக் கதவும் எனக்கில்ல. இதுவும் போச்சுன்னா என்னைய எங்க வந்து தேடுவாங்க?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அண்ணனிடம் காட்டவும் முடியவில்லை, வயதில் மூத்தவர். குள்ளஞ்சாவடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற நண்பர் ஏழுமலையைக் கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அப்டேட்டே போடலையா சார்?”

“நல்லாத்தானுங்க ஓடிட்டிருந்துச்சு?”

“ஓடிகினுதாங்க இருந்துச்சு. பழைய பூட்டு சரியில்லன்னு தெரிஞ்சு, அத எழுதறவங்க புதுசு புதுசா பூட்டு அனுப்பிகினே இருந்தாங்க. நீங்க வாங்கவே இல்ல. திருடன் வந்துட்டான்.”

சாயங்காலத்துக்குள் ஏழுமலை எல்லாவற்றையும் துடைத்து, பழைய பேக்கப்பைப் போட்டு, அப்டேட்டையும் முடித்தார். கடைசியாக வந்த சில ஆர்டர்கள் போனது போனதுதான். யார் யார் என்று நினைவிலிருந்து தேடி, அக்கா ஒவ்வொருவருக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

அப்போதும் அண்ணன் கேட்டார்: “சரிங்க, இதுக்குக் கம்ப்ளெய்ன்ட் எங்க குடுக்கறதுங்க?”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்களுக்கெல்லாம் குழாய் ஒழுகினால் கம்ப்ளெய்ன்ட், கதவு மூடாவிட்டால் கம்ப்ளெய்ன்ட். ஆள் வருவார், வராமலும் போவார். நாங்கள் தொட மாட்டோம். ஒரு பொருள் இலவசமாகக் கிடைப்பதில் எங்களுக்கு ஒரு சங்கடமும் கிடையாது. அது சொந்தமாகவும் கிடைத்துவிட்டால்தான் திண்டாடுகிறோம்... யாரைத் திட்டுவது என்று தெரியவில்லையே!

அக்கா போனை வைத்தார். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, பாஸ்வேர்டை மாற்றினார்.

“இது குவார்ட்டர்ஸ் இல்லீங்க. என்ற சொந்த வூடு. நானே கூட்டிப் பெருக்கிக்கறேன்.”

புதுப் பாஸ்வேர்டு அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது — வெப்சைட் ஜோராக ஓடுகிறது.